செக் என்ஜின் லைட் எரிகிறது: ரிப்பேரா, பொறுத்துப் பார்ப்பதா, விற்றுவிடுவதா?

பத்து வயதைத் தொட்ட பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். டேஷ்போர்டில் என்ஜின் வடிவத்தில் மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியோ வழக்கம்போல ஓடுகிறது. சத்தம் இல்லை, புகை இல்லை, பிக்கப்பிலும் குறை தெரியவில்லை. ஷோரூமுக்குக் கொண்டுபோனால் ஐந்திலக்கத்தில் எஸ்டிமேட் போடுவார்களோ என்று ஒரு பயம். விட்டுவிட்டால் திண்டிவனம் தாண்டி நடுரோட்டில் நின்றுவிடுமோ என்று இன்னொரு பயம். வீட்டில் "நாளைக்கே காட்டிடுங்க" என்பார்கள். ஆபீஸ் நண்பர் "எனக்கு ரெண்டு வருஷமா எரியுது, ஒண்ணும் ஆகலையே" என்பார்.

இருவர் சொல்வதும் சில கார்களுக்குச் சரிதான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்ட் மாற்றச் செலவு செய்யும் முன், என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கச் செலவு செய்ய வேண்டும். அது தெரிந்த பிறகு ரிப்பேர் செய்யாமல் விடுவதுகூட நியாயமான முடிவாக இருக்கலாம். தெரியாமலே விடுவதும், தெரியாமலே மாற்றுவதும்தான் காசைத் தின்கின்றன.

யோசிக்கவே கூடாத விளக்குகள்

சிவப்பில் எரிவது எதுவானாலும் ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லை. ஆயில் கேன் படம் எரிந்தால் என்ஜினில் ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது. டிப்ஸ்டிக்கில் ஆயில் இருக்கலாம். ஆனால் பம்ப் அதை மேலே ஏற்றவில்லை. அப்படி ஓடும் சில நிமிடங்களே பேரிங்குகளைக் காலி செய்யப் போதும். அப்புறம் பேச்சு என்ஜினை இறக்குவதில்தான் போய் முடியும். "அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. ஓரங்கட்டி அணைத்துவிட்டு டோ வண்டிக்குப் போன் செய்வதுதான் மலிவு.

தெர்மாமீட்டர் படம் சிவப்பில் எரிந்தாலும் அப்படியே. நிறுத்தி, அணைத்து, ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. (சில கார்களில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இதே படம் நீலத்தில் எரியும். என்ஜின் இன்னும் சூடேறவில்லை என்பதற்கான சேதி அது, கவலை வேண்டாம்.) பேட்டரி படம் எரிந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டுப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை பேட்டரியில் போய்விடலாம். ஆனால் சில என்ஜின்களில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சூடு ஏறும், அங்கே நிற்க வேண்டியதுதான். ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் பிரேக் விளக்கு அணையவில்லை என்றால் பிரேக் ஆயிலைப் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கு மட்டும் மஞ்சளில் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், நிதானமாக ஓட்டலாம். ஏபிஎஸ்ஸும் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

மஞ்சளிலும் ஒன்று இந்தப் பட்டியலில் சேரும்: செக் என்ஜின் லைட் நின்று எரியாமல் மினுக் மினுக்கென்று சிமிட்டினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றவே இல்லை என்று அர்த்தம். நம் மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங் அடிக்குது" என்பார்களே, அதுதான். பற்றாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் இறங்கி, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அதற்குள் இருக்கும் பீங்கான் தேன்கூடு அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஒரு காயிலோ பிளக்கோ மாற்றினால் முடிந்திருக்கும் வேலை, கன்வெர்ட்டரையும் இழுத்துவிட்டுப் போகும். சிமிட்டும் லைட்டோடு ஓட்டியே ஆக வேண்டும் என்றால் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போய் நிறுத்துங்கள்.

மீதி இருப்பது, நின்று எரியும் மஞ்சள் விளக்கு. ஒப்பீடு எல்லாம் இதற்குத்தான்.

முதல் செலவு: ஸ்கேன்

இந்த விளக்கின் பூர்வீகம் புகைக் கட்டுப்பாடு. வண்டி தன் புகையைத் தானே கண்காணிக்க வேண்டும் என்ற விதியிலிருந்து வந்தது இது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்ட ஓபிடியும் (வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு), 2013 ஏப்ரலில் ஓபிடி-2வும் கட்டாயமாயின. அதனால்தான் வண்டி நன்றாக ஓடும்போதே விளக்கு எரிகிறது. ஓட்டுபவருக்குத் தெரியாத அளவில் எரிபொருள் கலவையோ புகையோ வரம்பு தாண்டியதை ஈசியூ, அதாவது என்ஜினை நடத்தும் கணினி, கவனித்துவிட்டது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில் 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். எரர் கோட், அதாவது கோளாறைக் குறிக்கும் எண், அங்கேதான் கிடைக்கும்.

அதைப் படிக்க மூன்று வழி. சொந்தமாக ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கலாம். ஈஎல்எம்327 என்ற பெயரில் சில நூறு ரூபாய் முதல் ஆயிரத்து சொச்சம் வரை கிடைக்கிறது. செல்போனில் ஒரு ஆப் போட்டால் கோட் வந்துவிடும், சென்சார்களின் அளவுகளும் ஓடிக்கொண்டே தெரியும். மிக மலிவானவை சில கார்களோடு பேசாது. பேசினாலும் பெரும்பாலும் என்ஜின் கோட்களோடு நின்றுவிடும். ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் போகாது. அப்படியிருந்தும் பழைய கார் வைத்திருப்பவர் கையில் இருக்க வேண்டிய பொருள் இது என்பேன். ஏன் என்று பின்னால் வருகிறது.

இரண்டாவது, ஸ்கேனர் வைத்திருக்கும் லோக்கல் மெக்கானிக். முந்நூறு, ஐந்நூறு வாங்குவார். வேலையையும் அங்கேயே கொடுத்தால் பல பேர் அதையும் கேட்பதில்லை. மூன்றாவது, கம்பெனி சர்வீஸ் சென்டர். அவர்களிடம் அந்தப் பிராண்டுக்கே உரிய மென்பொருள் இருக்கும். ஜாப் கார்டு போட்டு, எழுத்தில் எஸ்டிமேட் தருவார்கள்.

லோக்கல் ஒர்க்‌ஷாப்புகளுக்கு அந்த மென்பொருள் ஏன் எளிதில் கிடைப்பதில்லை என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. உதிரிபாகங்களையும் கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் பூட்டி வைத்தார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அது மேல்முறையீட்டுக்குப் போனது வேறு விஷயம். இன்றைக்கு நல்ல மல்டி பிராண்ட் ஸ்கேனர்கள் வந்துவிட்டன. ஆனாலும் சாவி புரோகிராம் செய்வது, ஈசியூ மாற்றுவது, ஏர்பேக், ஏஎம்டி என்ற தானியங்கி கியர் போன்றவற்றில் கம்பெனிக் கருவிக்கு இருக்கும் பிடி வெளியே கிடைப்பது கடினம்.

எங்கே போனாலும் ஒன்று மட்டும் கேளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் வழக்கமாக நடப்பது இது:

"சார், சென்சார் போயிருக்கு. மாத்திடலாம்."

"எந்த சென்சாருண்ணே? என்ன கோட் வந்துச்சு?"

இந்த இரண்டாவது கேள்வியிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். நல்ல மெக்கானிக் ஸ்க்ரீனை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்றால், கோட்டை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். கோட் எந்த பார்ட் கெட்டது என்று சொல்வதில்லை. எந்த அளவு தப்பாக வருகிறது என்று மட்டும்தான் சொல்லும். அந்த அளவை எடுத்துச் சொன்ன சென்சாரையே குற்றவாளியாக்கி மாற்றுவதில்தான் பாதிப் பேருடைய பணம் போகிறது.

கோட்டை அழித்துவிட்டு ஓட்டினால்?

பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினாலே பல கார்களில் விளக்கு அணைந்துவிடும். ஸ்கேனரிலும் ஒரு பொத்தான்தான். மழையில் ஈரம் பட்டோ, பேட்டரி பலவீனமாகி வோல்டேஜ் விழுந்தோ ஒரே ஒரு தடவை வந்த கோட் என்றால் இதுவே போதும். சொல்லப்போனால் அழிக்கக்கூட வேண்டாம். கோளாறு திரும்ப வரவில்லை என்றால், தொடர்ந்து மூன்று ஓட்டச் சுற்றுகளில் (ஸ்டார்ட் செய்து ஓட்டி அணைப்பது ஒரு சுற்று) சோதனை நல்லபடி முடிந்ததும் விளக்கு தானாகவே அணையும். கோட் இன்னும் கொஞ்ச நாள் நினைவகத்தில் கிடந்துவிட்டு அதுவும் போய்விடும்.

அழிப்பதில் ஒரு நஷ்டம் உண்டு. கோளாறு வந்த அந்த நொடியில் வண்டி எவ்வளவு வேகத்தில் போனது, என்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, ஆர்பிஎம் என்ன என்று ஈசியூ ஒரு பதிவு எடுத்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். மெக்கானிக்குக்கு அதுதான் பெரிய துப்பு. காலையில் குளிர்ந்த என்ஜினில் மட்டும் வருகிற கோளாறா, ஹைவேயில் மட்டும் வருவதா என்று அதைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். கோட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். ஆகவே ஸ்க்ரீன் ஷாட் எடுத்துக்கொண்டு அழிக்கலாம். அழித்த பிறகு இரண்டு, மூன்று நாளில் அதே கோட் திரும்ப வந்தால் அதற்கு மேல் அழித்து விளையாடிப் பயனில்லை.

இன்னொன்று. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு "பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கிப் பாருங்க" என்று யோசனை சொல்பவர்கள் இங்கே நிறைய. அங்கே டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று வண்டி தானே சோதிக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய வழியில் போகும் நம் விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. மூடியை இறுக்குவதில் நஷ்டமில்லை. அதை நம்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

எந்தக் கோட்டுக்கு என்ன முடிவு

விலைகள் காருக்குக் கார் மாறும். ஒரு சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக்கை மனதில் வைத்தே கீழே உள்ள ரூபாய்க் கணக்கைச் சொல்கிறேன்.

பி0301 முதல் பி0304 வரை வந்தால், கடைசி எண் எந்த சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று சொல்கிறது. இதைத் தள்ளிப்போடவே கூடாது. நல்ல வேளையாக, கண்டுபிடிக்கக் காசே தேவைப்படாத கோளாறும் இதுதான். இன்றைய பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் இருக்கும். பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் ஆறியிருக்கும்போது இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டாவதில் போட வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். கோட்டை அழித்துவிட்டுக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் திருடன், கூடவே இடம் மாறிவிட்டான். பி0302 என்றே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்குகளை இதேபோல மாற்றிப் பார்க்கலாம். அதுவும் இல்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று மெக்கானிக் வேலை. காயில் ஒன்று இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் வரும். பிளக் நூறுகளில் முடியும். இந்தச் சோதனை எதுவும் செய்யாமல் "நாலு காயிலும் நாலு பிளக்கும் மாத்திடலாம் சார்" என்று சொல்லும் இடத்தில் நான் வண்டியை விட மாட்டேன்.

பி0135 போன்ற கோட், ஆக்சிஜன் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்பதைச் சொல்கிறது. அதன் ஃபியூஸையும் வயரையும் முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் சரி என்றால் சென்சாரேதான். ஹீட்டர் இல்லாவிட்டாலும் புகைச் சூட்டில் சென்சார் மெல்ல விழித்துக்கொள்ளும். அதுவரை ஈசியூ குத்துமதிப்பாகப் பெட்ரோல் ஊற்றும். தினமும் நாற்பது கிலோமீட்டர் ஹைவேயில் போகிறவருக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து மார்க்கெட் என்று இரண்டிரண்டு கிலோமீட்டராக ஓட்டுகிறவருக்கு மைலேஜ் அடி வாங்கும். அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போட நான் ஒப்புக்கொள்ளும் கோளாறு இது. பார்ட் வாங்கும்போது, கார் கம்பெனியின் பெட்டியில் வருவதும், அதே சென்சாரை உண்மையில் தயாரிக்கும் நிறுவனத்தின் பெட்டியில் வருவதும் பல தடவை ஒன்றேதான். விலை மட்டும் வேறு. சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு மாதிரி இடங்களில் பழைய பார்ட்டில் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பெயர் தெரியாத மலிவு சென்சார் மட்டும் வேண்டாம். அதைப் போட்டால் விளக்கு வேறு கோட்டோடு திரும்ப வரும்.

பி0171, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதில்தான் மெக்கானிக்கின் பொறுமை தெரியும். இன்டேக் ரப்பர் ஹோஸில் விரிசலா, காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கா, பெட்ரோல் பம்ப் தளர்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இருபது ரூபாய் கிளாம்பிலும் முடியலாம், எட்டாயிரம் ரூபாய் பம்பிலும் முடியலாம். இப்போது எந்த விளக்கு எரிந்தாலும் ஈ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் ஈசியூ கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றித்தான் ஈடுகட்டுகிறது, உண்மைதான். ஆனால் அது சில சதவீதம்தான். ஆரோக்கியமான வண்டியில் அது மட்டுமே விளக்கை எரியவைக்கக் கூடாது. ஏற்கெனவே எங்கோ காற்று கசிந்து விளிம்பில் நிற்கும் வண்டியை வரம்பு தாண்ட வைக்கலாம். பெட்ரோல் மேல் பழியைப் போட்டுவிட்டு ஹோஸைப் பார்க்காமல் விட்டால் நஷ்டம் நமக்கு.

கடைசியாக பி0420. கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது. பழைய கார்க்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கும் கோட் இது, ஏனென்றால் உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற உலோகங்கள் இருக்கின்றன. கம்பெனி பார்ட் என்றால் சிறிய காருக்கே பல பத்தாயிரங்கள் ஆகும். ஆனால் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலை. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆக்சிஜன் சென்சார் உண்டு. வழக்கமான வகை சென்சார் என்றால் முன்னது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின்னது அப்படித் துள்ளாது, 0.6, 0.7 என்று ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ளினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. ஆப்பில் இரண்டு கோடுகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் யாருக்கும் புரியும். ஆனால் அதோடு முடிவு கட்டிவிட வேண்டாம். சைலன்சர் பாதையில் ஒரு கேஸ்கெட் கசிந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் பின் சென்சாரில் இதே துள்ளல்தான் வரும்.

கசிவும் இல்லை, கன்வெர்ட்டர்தான் போய்விட்டது என்றால் அடுத்த கேள்வி: ஏன் போனது? என்ஜின் ஆயில் குடிக்கிறதா, மிஸ்ஸிங்கை நாள்கணக்கில் கவனிக்காமல் ஓட்டினோமா? அந்தக் காரணத்தை விட்டுவிட்டுப் புதியதைப் போட்டால் அதையும் பலி கொடுக்க வேண்டியதுதான். பி0420 ஒன்றுக்குத்தான் "வண்டியை இன்னும் எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறேன்" என்ற கேள்வி உண்மையிலேயே பொருந்துகிறது. அடைப்பு இல்லாமல், வேகம் குறையாமல், திறன் மட்டும் விழுந்த கன்வெர்ட்டரோடு வண்டி நெடுநாள் ஓடும். கெடுதல் நம் பர்ஸுக்கு இல்லை, பின்னால் பைக்கில் வருபவரின் நுரையீரலுக்கு. புகைச் சான்று எடுக்கும் இடத்தில் விளக்கை யாரும் பார்ப்பதில்லை. வால் குழாயில் குச்சியைச் செருகி வாயுவைத்தான் அளக்கிறார்கள். அதில் தோற்றால் மாற்றியே ஆக வேண்டும். சான்று இல்லாமல் ஓட்டினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும்.

மாற்றினால், பழைய கன்வெர்ட்டரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கும் உலோகத்துக்காக அதற்கு ஸ்க்ராப் விலையே கணிசமாகக் கிடைக்கும். "அது ஸ்க்ராப் சார், நாங்களே பார்த்துக்கிறோம்" என்ற பெருந்தன்மைக்குக் காரணம் அதுதான். சென்னையின் பழைய பார்ட் சந்தையான புதுப்பேட்டையில் கழற்றிய கன்வெர்ட்டர் வாங்கிப் போடலாமா என்றால், எனக்குச் சம்மதமில்லை. கதவு, கண்ணாடி, ஹெட்லைட் எல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம். இதன் ஆயுள் வெளியே பார்த்துத் தெரியாது.

எலி

இதற்கு ஒரு தனிப் பத்தி கொடுத்தே ஆக வேண்டும். நம் ஊரில் நேற்றுவரை நன்றாக இருந்த கார் காலையில் மூன்று, நான்கு கோட்களோடு எழுந்தால் முதலில் பானட்டைத் திறந்து வயர்களைப் பாருங்கள். சம்பந்தமில்லாத சென்சார்களின் கோட்கள் ஒரே நேரத்தில் வருவதுதான் அடையாளம். பேட்டரிக்குப் பக்கத்தில் கருப்புத் துகளும் எலிப் புழுக்கையும் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். ஷோரூமுக்கும் லோக்கலுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வருவது இங்கேதான். சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் வயரிங் ஹார்னஸையே (மொத்த வயர்க் கட்டு) முழுதாக மாற்றச் சொல்வார்கள். பார்ட்டும் லேபரும் சேர்ந்து பெரிய தொகை. அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடித்த இடத்தை மட்டும் வெட்டி, சால்டர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டு ஒரு மதியத்தில் முடித்துவிடுவார். வெறுமனே முறுக்கி டேப் ஒட்டும் ஆளிடம் மட்டும் கொடுக்காதீர்கள்; அடுத்த மழைக்கு அதே விளக்கு எரியும். புகையிலையைக் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. சில எலிகள் அதைப் பொருட்படுத்துவதே இல்லை.

தள்ளிப்போடுவதன் மறைவான விலை

சரி, கோட் தெரிந்துவிட்டது, அவசரமில்லை, போனஸ் வந்ததும் பார்க்கலாம் என்று முடிவு செய்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் விளக்கு ஒன்றுதான். அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், நாளைக்கு இரண்டாவதாக ஒரு கோளாறு வந்தாலும், விளக்கைச் சிமிட்ட வைக்கும் அளவுக்குப் பெரிய மிஸ்ஸிங் இல்லாதவரை, டேஷ்போர்டில் பெரும்பாலும் எதுவும் மாறாது. சென்சார் ஹீட்டர்தானே என்று நீங்கள் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது, அடியில் லேசான மிஸ்ஸிங்கோ கூலன்ட் சென்சார் கோளாறோ சேர்ந்திருக்கலாம். "ரெண்டு வருஷமா எரியுது" என்ற அந்த நண்பருக்குத் தன் வண்டியில் இப்போது எத்தனை கோட் இருக்கிறது என்று தெரியாது.

ஸ்கேனர் கையில் இருக்கட்டும் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஒரு தடவை செருகிப் பாருங்கள். பழைய கோட் மட்டும் இருந்தால் ஓட்டலாம். புதிதாக ஒன்று சேர்ந்திருந்தால் கணக்கை மறுபடியும் போட வேண்டும். இந்தச் சிரமம் முடியாது என்பவர்கள் தள்ளிப்போடாமல் சரிசெய்துவிடுவதே நல்லது.

வாரண்டி ஓடும் வண்டிக்கு இந்த யோசனை எதுவும் பொருந்தாது. விளக்கு எரிந்தவுடன் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், கோளாறை ஜாப் கார்டில் எழுதவைத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே கோளாறு திரும்பினால் பேச அந்தத் தாள் உதவும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, இந்த வண்டிக்கு ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல நிறுவனங்களின் இணையதளத்தில் நாமே பார்க்கலாம். இருந்தால் வேலை இலவசம்.

டீசல் கார்க்காரர்களுக்கு இரண்டு வரி. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்ததிலிருந்து டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. ஊருக்குள்ளேயே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அந்த விளக்கு எரிந்த அன்றைக்கே ஹைவேயில் ஏறி, மேனுவலில் சொன்ன வேகத்தில் ஒரு இருபது நிமிஷம் நிறுத்தாமல் ஓட்டினால் கரி எரிந்து பெரும்பாலும் அணைந்துவிடும். அலட்சியம் செய்தால் வண்டி வேகம் குறைந்து லிம்ப் மோடுக்குப் போகும். அப்புறம் சர்வீஸ் சென்டரில் கருவி மாட்டித்தான் எரிக்க வேண்டும். இங்கே தள்ளிப்போடுவது எந்த வகையிலும் லாபமில்லை.

ரிப்பேரா, விற்பனையா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற நிலைக்குப் பழைய கார் சீக்கிரமே வந்துவிடும். வண்டி இரண்டு லட்சத்துக்குப் போகும், எஸ்டிமேட் ஐம்பதாயிரம் என்றால் விற்றுவிடலாம் என்று கை பரபரக்கும். ஆனால் ஒப்பிட வேண்டியது ரிப்பேர் செலவையும் கார் விலையையும் இல்லை. ஐம்பதாயிரம் போட்டால் இந்த வண்டி இன்னும் எத்தனை வருஷம் ஓடும், அதே வருஷங்களுக்கு இன்னொரு வண்டி எடுத்தால் இஎம்ஐ, இன்சூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்பதைத்தான் எதிரெதிரே வைக்க வேண்டும். என்ஜின் ஆயில் குடிக்கவில்லை, கியர் பாக்ஸ் சுத்தம், பாடியில் துரு இல்லை என்றால் பெரும்பாலும் ரிப்பேர்தான் ஜெயிக்கும். மூன்றில் இரண்டு ஏற்கெனவே தகராறு என்றால் ஐம்பதாயிரத்தோடு நிற்காது. பதிவு 15 வருஷத்தை நெருங்குகிறது என்றால் ஆர்சி புதுப்பிக்கும் செலவையும் எஃப்சி வேலைகளையும் அதே தாளில் எழுதுங்கள்.

விற்பது என்று முடிவு செய்தால், விலை உயர்ந்த ரிப்பேரைச் செய்துவிட்டு விற்காதீர்கள். போட்ட காசு விலையில் முழுதாகத் திரும்பாது. காயில், ஹோஸ் மாதிரி சில்லறை வேலை என்றால் முடித்துவிட்டு விற்கலாம், ஏனென்றால் எரியும் விளக்கைப் பார்த்து வாங்குபவர் குறைக்கும் தொகை அதைவிடப் பல மடங்கு இருக்கும். பெரிய வேலை என்றால் கோட்டையும் எஸ்டிமேட்டையும் காட்டி, அதைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுவது கௌரவமாகவும் இருக்கும், பிறகு வாசலில் வந்து நிற்கவும் மாட்டார்கள்.

கோட்டை அழித்துவிட்டுக் காட்டலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். விவரமான ஆளிடம் அது எடுபடாது. அழித்தவுடன் ஈசியூவின் சுயசோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்ற நிலைக்குப் போய்விடும். பல நாள் ஓடினால்தான் ஒவ்வொன்றாக 'முடிந்தது' என்று மாறும். ஸ்கேனரில் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே நேற்று அழித்தது தெரிந்துவிடும். பழைய கார் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதை நீங்கள் பாருங்கள். அதற்கும் முன்னால், என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். செக் என்ஜின் லைட் அப்போது எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியோ வயரை வெட்டியோ வைத்திருக்கிறார்கள். அந்த வண்டிக்கு டெஸ்ட் டிரைவ் தேவையில்லை.